எல்லாம் ஒரே பக்கம்

அத்தியாயம் 14

போன வாரம் துணி வெட்டும் கத்தி மெஷினின் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாளே மூத்தவள், அந்தச் சாவி இன்றைக்கு எட்டாவது நாளாக அவள் கழுத்தில் தொங்குகிறது. குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை. பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். கழற்றி எங்கே வைத்தோம் என்று தேடும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. மூத்தவளும் சின்னவளும் ஓரகத்திகள், அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும். ஒரே வீட்டில் கீழே மூத்தவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம். வேலையும் ஒரே இடத்தில்தான். நாற்காலி உறை, திரைச்சீலை, மேஜை விரிப்பு எல்லாம் மொத்தமாகத் தைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறை. அதில் துணி வெட்டும் பிரிவு. அங்கே பதினாறு வருடம் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாக இருந்தவள் மூத்தவள். மாஸ்டர் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் போனபோது, வெட்டும் மெஷினின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் மேனேஜர். ஒரு மாதம் பிசகில்லாமல் ஓடினால் அந்தப் பிரிவுக்கு இனி அவள்தான் பொறுப்பு. ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று மேனேஜர் சொல்லவில்லை. மூத்தவள் அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பட்டறையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'சரிதானே.'

எதைச் செய்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் "சரிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவளால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. நூலை வெட்டினால் சரிதானே, சுவிட்சை அணைத்தால் சரிதானே. கேட்டுக் கேட்டு, கேட்பவர்களுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. "சரி, சரி" என்பார்கள், தலையைத் தூக்காமலே. பதினாறு வருடத்தில் அவள் கேட்டதெல்லாம் சரியாகவே இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தானே அந்த வெல்வெட்?" என்று கேட்டார் கணவர்.

"ஆமாங்க. புது அரங்கத்துக்கு. அறுநூறு சீட்டு."

"போன வாரம் மூணு தடவ மெஷின நிறுத்திட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"தம்பி சொன்னான். அவன் வீட்டுக்காரி சொல்லியிருக்கா."

"சந்தேகமா இருந்துச்சு. நிறுத்தி அளந்து பாத்தேன்."

"மூணு தடவயும் அளவு எப்படி இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் மூத்தவள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நல்ல மனிதர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களிடம், "நீங்க தைரியமா ஓட்டுங்க, நான் இருக்கேன்ல" என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டாக்டரிடம் போனால் மனைவிக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்தான் சொல்வார். கடைக்குப் போனால் அவள் செருப்பு அளவையும் அவர்தான் சொல்வார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் எங்கேயும் போய் முட்டிக்கொண்டதில்லை. எதையும் தானாக ஓட்டிப் பார்த்ததும் இல்லை.

"நான் ஓட்ட வர்றவங்களுக்கு என்ன சொல்வேன் தெரியுமா?" என்றார். "கண்ணாடிய ஒரு தடவ பாரு. பாத்தவுடனே முடிவெடு. ரெண்டாவது தடவ கண்ணாடியப் பாத்தா முன்னாடி ரோடு போயிடும். நீயும் இன்னிக்கு ஒரே ஒரு தடவ பாரு, ஒரே ஒரு தடவ கேளு. அதுக்கு மேல கேட்டா உன்ன எவன் மதிப்பான்?"

"ஒரே தடவ. சரிதானே?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெல்வெட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதற்கு ரோமம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் முரண்டு பிடிக்கும். ரோமம் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பொறுத்து நிறமே வேறாகத் தெரியும். அதனால் வெட்டும் மேஜையில் அடுக்கும்போது எல்லா அடுக்கும் ஒரே முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் அடுக்கு விரித்து முடித்துத் துணியை வெட்டியதும், உருளையைத் தள்ளிக்கொண்டு தொடங்கிய முனைக்கே வெறுமனே திரும்பி வர வேண்டும். சாதாரணத் துணிக்கு இந்த வீண் நடை கிடையாது. போன முனையிலேயே உருளையைத் திருப்பி வைத்து, விரித்துக்கொண்டே வரலாம். பாதி நேரம் மிச்சம்.

அடுக்குவது சின்னவளின் வேலை. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அவள் வேலை வாங்கும் அழகே தனி. வந்து சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் மேனேஜரே அவளை 'புயல்' என்கிறார். யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இத இங்க போடு, அத அங்க தள்ளு" என்று அவள் சொல்வதைப் பார்த்தால் பிறக்கும்போதே துணி அடுக்கக் கற்றுக்கொண்டு வந்தவள் என்று தோன்றும். மூத்தவளுக்கு அதில் பொறாமை கிடையாது. ஏக்கம் உண்டு. இந்தத் தைரியத்தில் ஒரு துண்டு நமக்கு இருந்தால் போதாதா என்று பல நாள் நினைத்திருக்கிறாள்.

மூத்தவள் உள்ளறையில் உறையின் வடிவம் வரைந்த அச்சுத்தாளைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று. மேஜையில் முப்பது அடுக்கும் தயாராக இருந்தன. கருஞ்சிவப்பு வெல்வெட், மேஜை நீளத்துக்கு.

"அதுக்குள்ள முடிச்சிட்டியாம்மா?"

"நாமன்னா சும்மாவாக்கா?" என்றாள் சின்னவள், மேனேஜர் பக்கம் திரும்பிச் சிரித்தபடி. அவர் இரண்டு மேஜை தள்ளி நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் அரங்கத் திறப்பு விழா. அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மாஸ்டர் இருந்தபோது வெல்வெட் அடுக்க மதியம் ஆகும். மூத்தவளுக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. மேல் அடுக்கின் மீது உள்ளங்கையை வைத்து ஜன்னல் பக்கமாகத் தள்ளினாள். வழுக்கியது. விளிம்பைத் தூக்கி அடுத்த அடுக்கில் கையை வைத்து, அதே ஜன்னல் பக்கமாகத் தள்ளினாள்.

முரண்டியது.

முரண்டியதா, முரண்டிய மாதிரி இருந்ததா? கை வியர்த்திருக்கிறதோ? ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை தடவிப் பார்க்கலாம் என்று விளிம்பைத் தூக்கப் போனவளுக்குக் கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டாவது தடவ பாத்தா ரோடு போயிடும். போன வாரம் மூன்று தடவை நிறுத்தினாள், மூன்று தடவையும் ஒன்றுமில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். 'சரிதானே' ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

சரி, ஒரு தடவை கேட்போம். ஒரே ஒரு தடவை.

"எல்லாம் ஒரே பக்கம்... சரிதானே?"

"சரிக்கா" என்றாள் சின்னவள்.

வெட்டுவதற்கு முன்னால் பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், 'அடுக்கியவர்' என்ற இடத்தில் ஒருவர், 'பார்த்தவர்' என்ற இடத்தில் ஒருவர். போட்டார்கள். மூத்தவள் அச்சுத்தாளை விரித்தாள், சாவியை மெஷினில் சொருகினாள். கத்தி இரைந்தது. முப்பது அடுக்கையும் ஒரே சீராக அறுத்துக்கொண்டு போனது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. மாஸ்டர் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். வெட்டி முடித்துக் கத்தியை அணைத்தபோது, யாரிடமும் இரண்டாவது தடவை கேட்காமல் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாவம்.

மூன்று மணிக்குத் தையல் பிரிவிலிருந்து வெட்டும் பிரிவு மொத்தத்தையும் கூப்பிட்டார்கள்.

அங்கே ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதன்மேல் பத்து உறைத் துண்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாதது, வெயில் வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒன்று கருஞ்சிவப்பு, அடுத்தது வெளிறிய சிவப்பு. மறுபடி கருஞ்சிவப்பு, மறுபடி வெளிறல். சதுரங்கக் கட்டம் மாதிரி.

மூத்தவள் போய் ஒரு துண்டைத் தடவினாள். அடுத்ததைத் தடவினாள். காலையில் உள்ளங்கை சொன்னதையே இப்போதும் சொன்னது.

"திருப்பிப் போட்டுத் தைக்கலாமா?" என்று தையல் பிரிவுப் பெண்ணிடம் கேட்டார் மேனேஜர்.

"மேல குறுகல், கீழ அகலம் சார். எப்படித் திருப்புறது? பாதி வீண்தான்."

"துணி வேற?"

"இதே சாயத்துல இனிமே கிடைக்காது. புதுசா சாயம் ஏத்தினா பழையதோட நிறம் ஒத்துப்போகாது. மொத்தத்தையும் மாத்தணும்."

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அடுக்கினது நீ. ஏன் உருளையைத் திருப்பினே?"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். பிறகு இடுப்பில் கை வந்துவிட்டது.

"அக்கா பாத்தாங்க சார். பாத்துட்டு 'எல்லாம் ஒரே பக்கம், சரிதானே'ன்னு சொன்னாங்க. பொறுப்புல இருக்கிறவங்களே சரின்னு சொன்னப்புறம் நான் என்ன சொல்ல?"

"சொன்னீங்களா?" மேனேஜர் மூத்தவள் பக்கம் திரும்பினார்.

"சொன்னேன் சார். ஆனா நான் வந்து... அது கேட்டது சார்."

"கேட்டீங்களா, சொன்னீங்களா?"

"கேட்டேன்னுதான் நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். தான் அதைச் சொன்ன விதத்தை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒரே பக்கம், சரிதானே. கடைசியில் குரல் மேலே போனதா, கீழே இறங்கியதா? ஒரு தடவை சொல்லிப் பார்த்தபோது கேள்வி மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தபோது, பக்கத்தில் இருப்பவளுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அவளுக்கே ஒன்றும் புரியவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கே சாட்சி சொல்ல முடியாமல் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள்.

"யாராவது கேட்டீங்களா, அவங்க எப்படிச் சொன்னாங்கன்னு?" மேனேஜர் சுற்றிலும் பார்த்தார்.

பக்கத்து மேஜைக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வார்த்தையை அவர்கள் காது கொடுத்துக் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று.

"அவங்க எப்பவும் சொல்றதுதானே சார் அது" என்று மட்டும் ஒருவர் முனகினார்.

"சாவியக் குடுங்க" என்றார் மேனேஜர். "என்ன நடந்துச்சுன்னு எழுதி ஆறு மணிக்குள்ள எனக்கு அனுப்புங்க. மொதலாளிக்கு நான் பதில் சொல்லணும்."

சாவிக் கயிறு பின்னங்கழுத்தில் முடியோடு சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சின்னவள்தான் கிட்டே வந்து, முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கி எடுத்தாள். எடுத்து மேனேஜரிடம் கொடுத்தாள். அவள் விரல்களும் ஜில்லென்று இருந்ததை மூத்தவளின் கழுத்து கவனித்தது. மூத்தவள் கவனிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, "இது ஆஸ்பத்திரி வழியா போகுமா?" என்று கேட்டாள்.

பதினாறு வருடமாக மூத்தவள் ஏறுகிற பஸ். ஆஸ்பத்திரி மூன்றாவது நிறுத்தம்.

"போகும்னு நெனக்கிறேன்" என்றாள். "எதுக்கும் டிரைவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

அந்தப் பெண் ஏற யோசித்து, ஏறாமல் பின்னால் நின்றுவிட்டாள். பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாக மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் அடுத்த பஸ்ஸுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துணிக்காக வராத அழுகை இதற்காக வந்தது. என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு யாரும் ஒழுங்காக வீடு போய்ச் சேர முடியாது என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

வீட்டில் கணவர் சீக்கிரமே வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். முழுக்கதையையும் கேட்டார்.

"கையில தெரிஞ்சுச்சுங்க" என்றாள் கடைசியில். "தடவினப்பவே தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சா ஏன் வெட்டுன?"

நியாயமான கேள்வி. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் போனது.

"ஒரு தடவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அவருக்குப் புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார். "நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றார்.

"உங்களச் சொல்லலங்க."

"சரி விடு. இப்ப ஆக வேண்டியதப் பாப்போம். பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது."

"நான் கேட்டேன்னு எழுதலாமா? அவ சரின்னு சொன்னான்னு?"

"எழுதினா தம்பி வீட்டையும் இழுத்த மாதிரி ஆகும். நாளைக்கு மாடிப்படியில மொகத்துல முழிக்க வேண்டாமா? அதுவும் போக, நீ கேட்டியா சொன்னியான்னு உனக்கே உறுதியா தெரியுமா?"

அவள் பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தெரியலைல? அப்ப வாதாடாத. தப்ப ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா பழைய வேலையிலயாவது வச்சுக்குவாங்க. எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். துணி அடுக்கப்பட்ட விதத்தைச் சரிபார்த்து ஒப்புதல் சொன்னவள் நானே. தவறு முழுவதும் என்னுடையது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கடைக்குப் போகிற சீட்டில்கூட நாலு இடம் அடித்துத் திருத்துகிறவள், இந்தக் கடிதத்தை ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி முடித்தாள். அவள் கையெழுத்து அவ்வளவு அழகாக என்றைக்கும் இருந்ததில்லை.

"குடு, பிழை இருக்கான்னு பாத்துத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு அவர் உள்ளறைக்குப் போனார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் சின்னவள் நின்றாள். கையில் மூத்தவளின் சாப்பாட்டு டப்பா.

"மறந்துட்டு வந்துட்டீங்கக்கா. சாப்பிடவே இல்ல போல, அப்படியே இருக்கு."

மூத்தவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சின்னவள் போகவில்லை. உள்ளறையை எட்டிப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா. நீங்க கேட்டதுதான்."

"என்னது?"

"காலையில. நீங்க சொல்லல, கேட்டீங்க. எனக்கு நல்லாவே காதுல விழுந்துச்சு."

மூத்தவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கேட்டிருக்கிறேன். என் கை சொன்னது நிஜம், என் வாய் கேட்டது நிஜம். கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

"பின்ன ஏன்டி அத்தன பேர் முன்னாடி அப்படிச் சொன்ன?"

"எனக்கு வெல்வெட் தெரியாதுக்கா." சின்னவள் தரையைப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி தொட்டதே இல்ல. வேலைக்குச் சேரும்போது எல்லாத் துணியும் தெரியும்னு சொல்லிட்டேன். நீங்கதானே எனக்காகப் பேசுனீங்க. நீங்க 'ஒரே பக்கமா'ன்னு கேட்டப்ப, எந்தப் பக்கத்தச் சொல்றீங்கன்னே எனக்குப் புரியல. புரியலன்னு சொல்ல வாய் வரல. சரின்னுட்டேன்."

"காலையில அடுக்குறதுக்கு முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் சொல்லித் தர மாட்டேனா?"

"நீங்க ஒரு நாளைக்கு நூறு தடவ கேக்குறீங்க. ஒவ்வொரு தடவயும் அவங்க எப்படிச் சிரிக்கிறாங்கன்னு அஞ்சு மாசமா பாக்குறேன். அதப் பாத்தப்புறம் நான் ஒண்ணு கேப்பேனாக்கா?"

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். புயல் என்று பெயர் வாங்கியவள் எதிரே டப்பா இல்லாத வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இடுப்பில் கை வைக்கிற பெண்ணை இந்த வீட்டில் ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட இதச் சொல்லு" என்றாள் மூத்தவள். "நான் கேட்டேன்ங்கறத மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்குறேன்."

"மாட்டேன்க்கா."

"ஒரே ஒரு வார்த்தைடி."

"இது எனக்கு மூணாவது வேல. முந்தின ரெண்டு எடத்துலயும் இப்படித்தான் ஆச்சு. மாடியில அவருக்குக்கூடத் தெரியாது. இதுவும் போச்சுன்னா, இன்னொரு எடத்துல போய் எல்லாம் தெரியும்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்க என்னால ஆகாது." அவள் கண் கலங்கியிருந்தது. "உங்ககிட்ட சொல்லாம சோறு எறங்கல. அவங்ககிட்ட சொல்லவும் முடியாது. திட்டணும்னா திட்டிக்கோங்கக்கா."

திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா? சின்னவள் திரும்பி மாடிப்படி ஏறினாள்.

மூத்தவளுக்கு அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

"என்னங்க, அந்தக் கடுதாசியக் குடுங்க. மாத்தணும். நான் கேட்டேன்ங்க. கேட்டதுதான். இப்ப உறுதியா தெரியும்."

கடிதம் கட்டிலின் மேல் விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் அவள் போன்.

"போட்டோ எடுத்து அனுப்பிட்டேனே" என்றார் கணவர்.

"என்னக் கேக்காமயா?"

"மணி ஆறாகப் போகுது. உன்கிட்ட குடுத்தா நீ படிச்சுப் படிச்சுப் பாத்து, அனுப்பலாமா வேணாமான்னு நாளு பூரா யோசிப்ப. அதான் நானே..." அவர் முடிக்கவில்லை. போன் ஒலித்தது. குனிந்து படித்தார். முகம் தெளிந்தது. "பாத்தியா? 'ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நாளை பத்து மணிக்கு முதலாளியின் அறைக்கு நீங்களும் அடுக்கியவரும் வரவும்.' நன்றின்னு போட்டிருக்காரு. நான் சொன்னேன்ல?"

மூத்தவள் கட்டிலின் மேல் இருந்த தாளைப் பார்த்தாள். ஒப்புதல் சொன்னவள் நானே. கருப்பு மையில், நேர்வரிசையில், அவளுடைய கையெழுத்தில். எழுதும்போது அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. இப்போது அது பொய் என்று தெரிந்துவிட்டது, அதே நேரத்தில் அது மேனேஜரின் கைக்கும் போய்விட்டது. அறுத்த வெல்வெட்டை ஒட்ட முடியாதது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக அவள் கைவிட்டுப் போய்விட்டது. அவளுக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது.

"நாளைக்கு அங்க போய் அதுல என்ன எழுதியிருக்கோ அதையே சொல்லு" என்றார் அவர், காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே. "வேற ஒண்ணும் புதுசா ஆரம்பிக்காத. சின்னவளப் பத்திப் பேச்சே எடுக்காத. சரிதானே?"

அந்த வார்த்தையைத் தன்னிடம் ஒரு கேள்வியாக வேறொருவர் வாயிலிருந்து அவள் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டுவிட்டுப் பதிலுக்கு யாரும் நிற்பதில்லை என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அடுப்படிக்குப் போயிருந்தார்.

"இல்ல" என்றாள் மூத்தவள்.

சத்தமாகத்தான் சொன்னாள். உள்ளே அவர் குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பழக்கத்தில் "சரி" என்றுதான் காதில் விழுந்திருக்கும்.

மாடிப்படியில் பாதி ஏறி, மேலே போக மனம் வராமல் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு மட்டும் அது கேட்டது. காலையில் கேட்ட மாதிரியே, நன்றாகக் கேட்டது.